ஊதா விளக்கும் பல்லியின் சாட்சியும்

ஜன்னலே இல்லாத ஓர் அறையில், பழைய பெயின்ட் டப்பாவுக்குள் ஒரு மிளகாய்ச் செடி நின்றிருந்தது. அது வெளிச்சம் குடித்து வளரட்டும் என்றே அந்த வீட்டுப் பூங்கோதை சிவப்பும் நீலமுமாகக் குட்டி எல்இடி பல்புகளை ஓர் அலுமினியப் பட்டையில் ஈயம் உருக்கிப் பற்றவைத்து, அதன் தலைக்கு மேலே தொங்கவிட்டாள். ஸ்விட்சைப் போட்டதும் அறை முழுக்க ஊதாவாகிவிட்டது.

செடி அண்ணாந்து பார்த்தது. இந்த நிறத்தில் எந்த ஊரில் சூரியன் உதிக்கிறது?

"நெருங்காதே தம்பி," என்றது விளக்குக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டியிருந்த பல்லி. "இந்த வெளிச்சத்தைத் தேடி வந்த பூச்சி ஒண்ணுகூட உசுரோட திரும்பிப் போகல. என் ரெண்டு கண்ணால பாத்ததைச் சொல்றேன்." சொல்லிவிட்டு உச்சுக்கொட்டியது.

யாராவது பேசும்போது பல்லி உச்சுக்கொட்டினால், பேசியது சத்தியம் என்று அந்த வீட்டில் கணக்கு. பூங்கோதையே விரலால் மேசையைத் தட்டி, "பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சு" என்பாள். அப்புறம் செடி எப்படி நம்பாமல் இருக்கும்? இலைகளைச் சுருட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாளாக நாளாக வெளிறியது, தண்டு துவண்டது. அப்படியும் பிடிவாதத்தை விடவில்லை.

ஒருநாள் தலை கிறுகிறுத்தபோதுதான் அதற்குப் பொறி தட்டியது.

"அண்ணே, நீங்க எப்பவும் அந்த விளக்கை ஒட்டியேதான் இருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. தொப்பை வேற போட்டிருக்கு."

பல்லி எதையோ அவசரமாக விழுங்கியது. அதன் வாயோரத்தில் ஓர் ஈசல் இறக்கை துடித்துக்கொண்டிருந்தது.

செடி ஒரே ஓர் இலையை மட்டும் மெல்ல விரித்து வெளிச்சத்தின் பக்கம் நீட்டியது. மற்ற இலைகளெல்லாம் பல்லியையே பார்த்துக்கொண்டிருந்தன.