மூட மறுத்த ரைபிள்

"நிவேதிகா, நேற்று ஜெமீலின்ட கோதுகளை அமத்தினது நீதானே?"

பூரணி அக்கா கேட்ட விதத்திலேயே தீர்ப்பும் இருந்தது. அவர்தான் எங்கள் சூட்டுக் கழகத்தின் செயலாளர்.

"ஓம் அக்கா, நான்தான்."

"அப்ப ஏன் ஒண்டும் அவற்ற ரைபிளுக்குள்ள போகுதில்ல?"

ஜெமீல் நானா கதிரையில் இருந்தபடி வெறுங்கோதைப் போட்டு, ரைபிளை மூடுகிற போல்ட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார். பாதி போனது. பிறகு முக்கிக்கொண்டு நின்றது.

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கோது வீங்கும். அதை அச்சுக்குள் வைத்து அமத்தி, பழைய அளவுக்குக் கொண்டுவந்தால்தான் திரும்ப மருந்து நிரப்பலாம். புதுக் கோது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். லேசில் வராது. ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு அந்த வேலையைத் தந்ததே பூரணி அக்காதான். இன்றைக்குப் பிழை என்றால் கோது அமத்துகிற பிரெஸ் அறைத் திறப்பையும் அவரே வாங்கிவிடுவார்.

அதுவும் கொழும்புப் போட்டிக்கு ஆள் எடுக்கிற நாள். ஒரே ஒரு இடம். அதற்கும் எண்பது புள்ளி தாண்ட வேண்டும். நிற்பது ரெண்டு பேர்: ஜெமீல் நானா, கிண்ணியாவிலிருந்து வருகிற ஸப்வான்.

நல்ல காலம், ஓர்ஸ் ஹில் பக்கமிருந்து ரெண்டு புள்ளிமான் வந்து இலக்குப் பலகைக்கு முன்னால் படுத்துவிட்டன. அதுகள் எழும்பும் வரைக்கும் சூடு இல்லை. ஸப்வான் எல்லாருக்கும் பிளேன்ரீ வாங்கப் போயிருந்தான்.

"நான் சரியாத்தான் அமத்தினனான்," என்றேன்.

"விடு புள்ள," என்றார் ஜெமீல் நானா. "நான் இண்டைக்குச் சுடல்ல. போதும்."

எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. பிளேன்ரீயில் சீனி குறைந்தாலே கடைக்காரனின் பரம்பரையை இழுக்கிற மனுசன் இவர். இன்றைக்கு என்ன இவ்வளவு பொறுமை?

"விட ஏலாது நானா. பழி என்ட தலையில."

"நான் ஒன்ன ஒண்டும் சொல்லல்லயே."

"அக்கா சொல்லுறா."

அவர் கையிலிருந்த கோதைப் பறித்து, மார்க்கர் பேனையால் முழுக்கக் கறுப்பாகப் பூசினேன். ரைபிளுக்குள் போட்டு மெல்லத் தள்ளி, வெளியே எடுத்தேன். கோதின் கழுத்துக்குக் கீழே தோள் என்று சொல்கிற சரிவில் மட்டும் மை உரசிப் போயிருந்தது.

"தோள் உயரம் கூட," என்றேன்.

"அப்ப நீ அமத்தினது காணாது," என்றார் பூரணி அக்கா.

"இல்ல அக்கா. ஒவ்வொரு ரைபிளுக்கும் அச்சை வேற வேறயாத் திருகி வைக்கிறனான். இது ஜெமீல் நானாக்கு வைச்ச உயரமே இல்ல."

சுவரோடு ஸப்வானின் ரைபிள் நின்றது. அதே கோதை அதற்குள் போட்டேன். சின்ன விரலால் தள்ளவே போல்ட் மூடியது.

"இது ஸப்வான்ட கோது!"

ஜெமீல் நானா கூரையைப் பார்த்தார்.

"அவன்ட டின்னில இருந்து எடுத்தனீங்களா?"

"மெல்லக் கதை புள்ள."

"மெல்லக் கதைக்க என்ன இருக்கு? போட்டி நாளில மற்றவன்ட கோதைக் களவெடுத்திருக்கிறீங்க!"

பூரணி அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "உண்மையா ஜெமீல்?"

"எடுத்தனான்."

"நாப்பத்தைஞ்சு வயசில உங்களுக்கு வெட்கமில்லையா?"

"நாப்பத்திமூண்டு."

"அவனுக்கு எத்தினை மிச்சம் வைச்சிருக்கிறீங்க எண்டு பாப்பம்," என்று ஸப்வானின் பால்மா டின்னை மேசையில் கவிழ்த்தேன்.

ஒன்றும் குறையவில்லை. டின் நிறையக் கோது. எல்லாம் பளபளவென்று, ஒரேயொரு தரம் சுட்டது.

ஸப்வானின் பழசுகளை எனக்குத் தெரியும். சுட்டுச் சுட்டுக் கழுத்து வெடிக்கிற நிலை. அதுகளால் சுட்டால் குறி சிதறும். டின்னில் இருப்பது ஜெமீல் நானாவுடையது. உயரம் குறைவு, ஸப்வானின் ரைபிளுக்குள் சுகமாகப் போகும். ஸப்வானுடையதுதான் நானாவின் ரைபிளுக்குள் போகாது.

"ரெண்டும் ஒரே கொம்பனி ரைபிள்தானே, மாத்தி வெச்சா தெரியாது எண்டு நெனச்சன்," என்றார் ஜெமீல் நானா, தரையைப் பார்த்து. "போன கிழமை என்ட கோதக் கையில குடுக்கப் போனன். 'எனக்குப் பிச்சை வேணாம் நானா' எண்டுட்டான். நான் ரெண்டு தரம் கொழும்புக்குப் போய் வந்தவன். அவன் ஒருக்காலும் போகல்ல."

நான் வாயைத் திறக்கிறதுக்குள் வாசலில் ஸப்வான், பிளேன்ரீப் போத்தலோடு.

"என்ன, எல்லாரும் என்ட டின்னச் சுத்தி நிக்கிறீங்க?"

பூரணி அக்கா கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். ஜெமீல் நானா என்னைப் பார்த்தார்.

"ஜெமீல் நானாட கோதை நான் பிழையா அமத்திட்டன்," என்றேன். "உன்டதும் பிழையோ எண்டு பாத்தனாங்கள். உன்டது சரி."

"இது என்ன, இப்பிடி மினுங்குது?"

"புளி போட்டுத் தேய்ச்சனான்."

ஜெமீல் நானா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். அவர் போட்ட சத்தத்துக்கு, படுத்திருந்த மான் ரெண்டும் எழும்பி ஓடின.

"பாத்தியா ஸப்வான்! என்டதக் கெடுத்துப்போட்டு, ஒன்டதப் புளி போட்டுக் கழுவியிருக்காள்! டின்னத் தூக்கிக்கொண்டு ஓடு ராசா, அதிலயும் கை வெச்சிருவாள்!"