ஆமைக்கு வந்த புகார்கள்

சோதனை அண்ணன் அந்த மாதமும் புகார் எழுதிவிட்டார்.

“ஆமையில் வைத்த ஃபைலை ஒரு வாரம் கழித்துத் திறந்தேன். வைத்தது வைத்தபடியே இருந்தது. சந்தேகமாக இருக்கிறது.”

அதைப் படித்ததும் மெனுக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதெல்லாம் ஒரு புகாரா? போன மாதம், ‘மழை நாளில் ஆமை இன்னும் மெதுவாகிறது.’ அதற்கு முந்தின மாதம், ‘ஆமை என்ற பெயர் எனக்குப் பிடிக்கவில்லை.’ பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தால் மூன்று வருஷமாக இதே கதை.

அந்த அலுவலகத்தில் கெர்னல் தயாரிக்கிறார்கள். கம்ப்யூட்டரின் அடியாழத்தில் கிடந்து மாடாய் உழைக்கிற சமாசாரம் அது. அதைச் சோதித்துப் பார்ப்பது சோதனை அண்ணன் வேலை. தயாரிக்குமுன் ஒரு மெனு வந்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். டிஸ்கில் ஃபைல்களை எப்படி அடுக்கிவைப்பது என்பதற்கு மட்டும் அதில் நாற்பத்தோரு வழிகள். ஃபைல் சிஸ்டம் என்பார்கள். ஒவ்வொன்றின் கீழும் ‘சந்தேகமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லவும்’ என்று ஒரு குறிப்பு வேறு.

இந்த நாற்பத்தொன்றையும் தலைப்புவாரியாகப் பிரித்து ஒழுங்குபடுத்தத்தான் நாலு மாதம் முன்பு மெனுக்காரியை வேலைக்கு எடுத்தார்கள். லேசுப்பட்ட வேலை இல்லை. டிஸ்க் ஆட்களுக்குக் கீழே நாங்கள் வரமாட்டோம் என்று நெட்வொர்க் ஆட்கள் முறைத்தார்கள். குரூப் போட்டோவில் முன்வரிசைக்கு அடித்துக்கொள்வது போல ஏழு மீட்டிங் நடந்தது.

கடைசியில், ‘இதர’ என்ற தலைப்பின் கீழ், கேட்பாரற்றுக் கிடந்தது ஆமை என்ற ஃபைல் சிஸ்டம். அதை எழுதியவரை எல்லோரும் ஆமைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். சாது மனுஷன். இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அவருக்கு இருந்த ஒரே வேலை ஆமைதான். மாதாமாதம் அந்த அசட்டுப் புகாருக்கு உட்கார்ந்து இரண்டு பக்கம் பணிவாகப் பதில் எழுதுவார். அதைப் பார்த்துப் பார்த்து மெனுக்காரிக்குப் பொறுக்கவில்லை.

அன்றைக்கு நேராகப் போய்க் கேட்டேவிட்டாள்.

“அண்ணே, அவர் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணார்? இப்படிப் பாடாப் படுத்துறீங்களே.”

சோதனை அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீ உன் மெனுவைப் பாரும்மா.”

பார்த்தாள். மறுநாளே மெனுவில் ‘குறையில்லாதவை’ என்று புதுத் தலைப்பு ஒன்றைப் போட்டு, ஆமையைத் தூக்கி அதில் வைத்தாள். அந்தத் தலைப்பில் இருப்பதன் மேல் யாரும் புகார் எழுத முடியாதபடி புகார்ப் படிவத்தையும் பூட்டிவிட்டாள். மீட்டிங்கில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. அந்தத் தலைப்புக்குப் போட்டியும் இல்லை. தான் எழுதியது குறையில்லாதது என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒருத்தருக்கும் தைரியமில்லை.

அடுத்த மாதம் சோதனை அண்ணன் மூன்று தடவை படிவத்தைத் திறந்து பார்த்துவிட்டு அவளிடம் வந்தார்.

“ஆமையை எங்கம்மா வச்சே?”

“இனிமே நீங்க அதைத் தொட முடியாதுண்ணே.”

அவர் மேலாளர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் இடத்துக்குப் போய்விட்டார்.

ஆமைக்காரரோ சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சந்தோஷத்தில் மனுஷனுக்குப் பசிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மாதக் கடைசி நாள் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். மெனு கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருப்பதாகப் பாராட்டிவிட்டு ஒரு தாளை நீட்டினார். நீக்கவேண்டியவை என்று தலைப்பு. கீழே ஒரே ஒரு பெயர், ஆமை.

“இது குறையில்லாதது சார். ஒரு புகார்கூட வரலையே.”

“அதனாலதான்மா. ஒரு மாசம் புகார் வரலைன்னா யாரும் அதைத் தொடலைன்னு அர்த்தம். யாரும் தொடாததை எடுத்துடுவோம், அதைப் பாத்துக்கற ஆளையும் அனுப்பிடுவோம். மூணு வருஷமா இதுதானே இங்கே சட்டம்? எனக்கும் ஆமை மேல ரொம்ப நாளா சந்தேகம். சந்தேகம்னா வேண்டாம்.”

சாயங்காலம் ஐந்து மணிக்கு அதை நீக்கிவிடச் சொன்னார்.

மணி நாலு. சோதனை அண்ணனிடம் ஓடினாள்.

“அண்ணே, ஆமையை நீங்க நிஜமா பயன்படுத்தறீங்களா?”

“ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. மாசாமாசம் என்ன குறை சொல்றதுன்னு யோசிச்சு யோசிச்சே பாதித் தலை வழுக்கையாயிடுச்சு.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“எப்படியாவது அவர் காதுக்குப் போயிடும்மா. ஒருத்தராவது நம்ம ஆமையைப் பயன்படுத்தறாங்கன்னு நினைச்சுட்டிருக்கார். அதைக் கெடுக்கணுமா?”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிவந்து ஆமையைப் பழையபடி ‘இதர’வில் போட்டாள். படிவத்தைத் திறந்தாள். திட்டுவது இவ்வளவு கஷ்டமா? கால் மணி நேரம் நகத்தைக் கடித்துவிட்டு எழுதினாள்: “ஆமையில் குறை எதுவும் கண்ணில் படமாட்டேன் என்கிறது. மிகவும் எரிச்சலாக இருக்கிறது.”

புகாரைப் பார்த்த மேலாளர் முனகிக்கொண்டே தாளில் இருந்த பெயரை அடித்துவிட்டார்.

ஐந்து மணிக்கு ஆமைக்காரரிடமிருந்து வழக்கம்போல இரண்டு பக்கப் பதில் வந்தது. தங்கள் எரிச்சலுக்கு மன்னிக்கவும், விரைவில் சரிசெய்கிறேன் என்றெல்லாம் எழுதி, கடைசியில் தனியாக ஒரு குறிப்பு:

“ஆமையை யாரும் தொடுவதில்லை என்று மூன்று வருஷமாக எனக்குத் தெரியும் அம்மா. அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், பாவம், மனசு கஷ்டப்படுவார்.”