இங்கே ஓடாத டிஸ்க்

“எங்க அக்காவுக்கு இவ்வளவு நேராத் தைக்க வருமா?” என்றார் அப்பா, துணிப்பையின் நீலத் தையலைக் கத்தரித்துக்கொண்டே.

அம்மா சட்டைக்குக் காஜா எடுப்பதில் மும்முரமாக இருந்தாள்.

தெரிந்தவர் ஒருவரிடம் அத்தை கொடுத்தனுப்பிய பை. உள்ளே ஒரு டிஸ்க். கடல் தாண்டி நடந்த அத்தை பையனின் கல்யாணம். தைக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்து கிடந்ததால் அம்மா போகவில்லை. அப்பா மட்டும் போய்வந்தார், மூட்டுவலியோடு.

அந்த மூட்டுவலி எங்கள் வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி. அதற்குத் தனி நாற்காலி, தனித் தைலம். அது வந்த நாளிலிருந்து கீழ்க்குழாயில் தண்ணீர் பிடித்து மூன்று மாடி ஏற்றுவது அம்மாதான். நான் ஒரு குடம் தூக்கினால் அவள் இரண்டு தூக்குவாள். பகலெல்லாம் மெஷின் மிதித்த அதே கால்களால்.

“போடுங்க, பொண்ணைப் பார்ப்போம்,” என்றாள் அம்மா.

அப்பா டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். நடு ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

“இது இங்க ஓடாது. வேற ரீஜன்.”

“அப்படின்னா?”

அப்பாவுக்கு அது போதும். வெட்டும் மேசையில் கிடந்த துணியை ஒதுக்கினார். அம்மாவின் சாக்பீஸால் உலகத்தை வரைந்து ஆறு துண்டாக்கினார். ஒரு துண்டில் விற்கிற டிஸ்க் அதே துண்டில் விற்கிற பிளேயரில்தான் ஓடும். கம்பெனிக்காரர்கள் போட்ட பூட்டு. மீறிப் போட்டால் பிளேயரே போய்விடும்.

அம்மா படத்தை எட்டிப் பார்த்தாள். “தையலுக்கு ஓரம் விடாம வெட்டியிருக்கீங்களே.”

“விளையாடாதே. இது விஞ்ஞானம்.”

அவர் சொன்னதில் பாதி சரி. பிளேயரோடு வந்த கையேட்டை நான் அட்டை முதல் அட்டை வரை படித்திருக்கிறேன். வீட்டில் வேறு புத்தகம் இல்லை. பூட்டெல்லாம் கடையில் விற்கும் படங்களுக்கு. வீட்டில் பதிந்த டிஸ்க்குக்கு ரீஜனும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. இதன் மேலோ அத்தை பையனே பேனாவால் கோணல்மாணலாக எழுதியிருந்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை. எப்போதுமே திறப்பதில்லை. அன்று அது வசதியாக இருந்தது.

“அப்போ, அங்க ஓடும். இங்க வந்தா ஓடாது?” என்றாள் அம்மா.

“ஆமா.”

“அதுல ஒரு கோளாறும் இல்ல. ஊருதான் மாறிப்போச்சு?”

“அதேதான்! கற்பூர புத்திடி உனக்கு.”

அம்மா தலையாட்டினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“ஏங்க, அப்போ உங்க மூட்டுக்கும் ரீஜன் இருக்கா?”

சாக்பீஸ் அப்பாவின் கையில் அப்படியே நின்றது.

அந்த டிஸ்க்கில், மாப்பிள்ளையே களைத்து நாற்காலியில் சாய்ந்த பிறகும் அப்பா ஆடுகிறார். தரையைத் தொடுமளவு குந்துகிறார். எம்புகிறார். மறுபடியும் குந்துகிறார். அத்தை வீட்டார் சுற்றி நின்று கைதட்டுகிறார்கள்.

“அக்கா போன்ல உளறிட்டாளா?” அப்பாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அம்மா கதவோரம் இருந்த காலிக் குடங்களை மட்டும் பார்த்தாள்.

அவர் எழுந்தார். கைக்கொரு குடம். படியின் முதல் திருப்பம் வரை நொண்டினார். அப்புறம் மறந்துவிட்டார்.

அம்மா ஒரு வெட்டுத்துணியால் உலகத்தைத் துடைத்தாள்.

“மத்தியானம் நிறுத்தின இடத்துலேர்ந்து போடு.”

போட்டேன். அவர் மேலே வருவதற்குள், மெஷின் ஊசியில் இன்னும் கோத்திருந்த நீல நூலை உருவி ஒளித்தேன்.