மூச்சு முட்டும் வாக்கியம்

அமெரிக்க நகரமான பேட்டன் ரூஜில் மாநிலக் காப்பீட்டுத் துறையின் மூன்றாம் மாடி. ஜன்னலில் மழைக்கு முந்திய மஞ்சள் வெளிச்சம். ஆற்றில் சரக்குப் படகின் ஊதல். துறை அதிகாரி வெர்லீனின் ஒப்புதல் இல்லாமல் இந்த மாநிலத்தில் எந்த வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தையும் விற்க முடியாது. காப்பீட்டுக் கம்பெனியின் வக்கீல் ஹாஸ்கெல் பக்கம் அவர் புதுப் பத்திரத்தின் ஒரு தாளைத் தள்ளுகிறார். "வக்கீல் சார், இந்த ஒரே வாக்கியத்தைச் சத்தமா படிங்க." ஹாஸ்கெல் படிக்கிறார். 'எனினும்', 'தவிர', 'அன்றியும்' என்று அது நீண்டுகொண்டே போகிறது. பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடிக்கிறார். "சரி, புயல் என் கூரையப் பிச்சுட்டுப் போனா பணம் உண்டா, இல்லையா?" ஹாஸ்கெல் தாளை மறுபடி பார்க்கிறார். காதுமடல் சிவக்கிறது. "மத்த மாநிலத்துல எல்லாம் ஒத்துக்கிட்டாங்களே, மேடம்." "அங்க யாரும் கூரையில்லாத வீட்டுல நின்னு இதப் படிக்கல." ஹாஸ்கெல் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பென்சிலால் எழுதுகிறார்: காற்றில் கூரை சேதமானால் நாங்கள் பணம் தருவோம். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு அதை வாசிக்கிறார். மறுமுனையில் யாரோ கத்துவது மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்கிறது. வெர்லீன் கையை நீட்டுகிறார். "இங்க குடுங்க, நான் பேசறேன்."