ஏழாவது தகடு

போலாரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சிலாஸ், எபனேசரின் பழைய கார்த் தரையில் துருவைச் சுரண்டாமல், மேலேயே தகரத்தை வைத்துத் தார் பூசிக் கொடுத்தான். ரப்பர் மேட்டை விரித்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு. ஓடும்போதே சீட்டோடு தரை பெயர்ந்து எபனேசர் செத்தார்.

1974 மே மாதம். சொட்டு மழையில்லை. சிலாஸின் சொந்தக் காரில், டிரைவர் கால் வைக்குமிடத்தில், வலது பாத வடிவில் துரு தின்று ஓட்டை விழுந்தது. வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைத்து, துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்ஸைடு அடித்தான். மறுநாள் காலையில் அதே ஓட்டை.

ஏழாவது தகடும் போனதும், எபனேசரின் மனைவி லோயிஸிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதான்.

"மன்னிச்சிருங்கக்கா."

லோயிஸ் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"வலது கால் மட்டுந்தான் வந்திருக்கா?"

"ஆமாக்கா."

"இடது காலும் வரட்டும். அப்புறம் அவரே ஓட்டுவாரு. நீ பக்கத்துல உக்காந்துக்கோ."