எருக்குளத்து மீன்

மீன்துறை அதிகாரி தராசை நம்பாமல் இன்னொரு திலேப்பியா மீனை எடுத்து வைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் குளத்து மீன் முந்நூறு கிராம். உங்களது நூத்தம்பதுதான். தோத்துட்டீங்கம்மா."

"அவரு ஜெயிச்சா சரிதான்." அவள் முகம் மலர்ந்திருந்தது.

ஆறு மாதத்துக்கு முன் கணவனும் மனைவியும் அதிகாரி எதிரில்தான் ஆளுக்கொரு குளமாகப் பிரித்துக்கொண்டார்கள். எருவால் பாசி பிடித்துப் பச்சையான தண்ணீரே மீனுக்குப் போதும் என்பது கணவர் கட்சி. எருவோடு தீவனமும் வேண்டும் என்பது இவள் கட்சி.

குளத்தில் மீன்குஞ்சு விட்ட மறுவாரம், "சாணியைக் கரைச்சு ஊத்தினா மீன் வளராது, உங்க வாய்தான் வளரும்" என்றாள். அவர் சாப்பிடாமல் எழுந்து போனார்.

"உங்க வீட்டுக்காரர் எங்கே?" அதிகாரி சுற்றிப் பார்த்தார். "கை குடுக்கணும். நாளைக்கு மீன் வளர்க்கிறவங்க கூட்டத்துல எல்லாரையும் தீவனத்தை நிறுத்தச் சொல்லப் போறேன்."

"எல்லாரையுமா?"

"பின்னே?"

அவள் அவசரமாகக் கைகாட்டித் தடுத்தாள்.

"சொல்லாதீங்க சார். என் தீவனத்தை எல்லாம் அவர் குளத்துலதான் போட்டேன். எருவை மட்டும் நம்பி வளர்ந்தது என் குளத்து மீன்தான்."

"ஏம்மா?"

"அன்னிக்குச் சாப்பிடாம போனவரைப் பொணமாத்தான் தூக்கிட்டு வந்தாங்க. இதுலயாவது ஜெயிக்கட்டும்னு பார்த்தேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர் தோத்துட்டாருன்னே எழுதிக்குங்க."