எத்தனை பேர் தேய்க்கிறார்கள்?

செம்பாக்கம் ஏரிக்கரையில், ஓலை வீட்டு வாசலில் பல் டாக்டர் ரமா முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் படிவம். போன வருடம் இந்த ஊர்ப் பள்ளியில் பிள்ளைக்கொன்றாக பிரஷ் கொடுத்தவள், அதனால் விளைந்த பலனை இந்த ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகக் கேட்டு வருகிறாள். "வீட்ல எத்தனை பேர் பிரஷ்ல பல் தேய்க்கறீங்க?" அவளே தயாரித்த கேள்வி. வீட்டுக்காரி எல்லம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி, "அஞ்சு பேரும்மா, ஒருநா கூட தவறல" என்கிறாள். இதுவரை எந்த வீடும் இரண்டைத் தாண்டவில்லை. ரமாவின் பேனா சந்தோஷமாக 5 போடுகிறது. "எங்க, காட்டுங்க." எல்லம்மா கூரையில் செருகியிருந்த பிரஷை உருவி, சொம்புத் தண்ணீரில் அலசி, இரு கைகளாலும் நீட்டுகிறாள். ரோஸ் நிறம் வெளுத்து, நார்கள் இருபுறமும் படுத்துக்கிடக்கின்றன. வெயிலில் நுனி சொட்டுகிறது. "மத்தது?" "இது ஒண்ணுதாம்மா. மொதல்ல அவரு, அப்பால பசங்க, கடசியா நானு. வூட்ல எல்லாருக்கும் கத்துக்குடுன்னு நீங்கதான எங்க சரசுகிட்ட சொல்லி அனுப்ச்சீங்க?" ரமா சொன்னாள்தான், பள்ளியில் மைக்கைப் பிடித்து மூன்று முறை. கதவோரம் நிற்கும் மகள் சரசு ரமாவைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஈறு சிவந்து வீங்கியிருக்கிறது. எத்தனை பிரஷ் என்று கேட்கப் படிவத்தில் கட்டமே இல்லை. "சரியாத்தான செய்றோம்?" ரமா பேனாவை 5-இன் மேல் வைக்கிறாள், எடுத்துவிடுகிறாள். "சரியாத்தான் செய்றீங்க." அடுத்த கேள்வியை வாசிக்கிறாள்: அக்கம்பக்கத்தில் யாருக்காவது சொன்னீர்களா? "சொல்லாம இன்னா! நாலு வூட்ல இப்போ எங்கள மாரிதான் தேய்க்கிறாங்க." ரமா நிமிராமலே 4 என்று எழுதுகிறாள்.